ஆலைவாசலிலிருந்து காலாப்பட்டு வரை: புதுச்சேரியில் தொழிலாளர் பேச்சுவார்த்தையின் கதை

1930-களின் கடைசியில் புதுச்சேரி ஆலையில் தறி ஓட்டியவருக்குச் சட்டப்படி ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை. எல்லைச் சாவடியைத் தாண்டி பிரிட்டிஷ் பகுதிக்குள் போய்விட்டால், அதே வேலையைப் பத்து மணி நேரம் வரை வாங்கலாம். 1934-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அங்கே அனுமதித்த அளவு அது. வாரத்துக்கு 54 மணி. இரண்டு பக்கமும் அதே பஞ்சு, அதே நூல், அதே தமிழ். கொடி மட்டும்தான் வேறு. ஆனால் அந்தப் பிரெஞ்சுக் கொடி எட்டு மணி நேரத்தைத் தானாகக் கொண்டுவந்து கொடுத்துவிடவில்லை.

சம்பளம், விடுப்பு, வைப்பு நிதி, பணிக்கொடை என்று இன்று பணி நியமன ஆணையில் வரிசையாக வருகிறவை எல்லாம் யாரோ கேட்டு, யாரோ மறுத்து, கடைசியில் எழுதிக் கையெழுத்தானவை. புதுச்சேரியில் அந்தக் கதை ஆலைவாசலில் தொடங்கி, காலாப்பட்டில் கடலோரம் இருக்கும் பல்கலைக்கழக வளாகம் வரை வருகிறது.

அன்றைய ஊரில் மூன்று பெரிய பஞ்சாலைகள்: சவானா, ரோடியர், கெப்ளே. சவானா பின்னாளில் சுதேசி மில் ஆனது, கெப்ளே பாரதி மில் ஆனது. 1898-இல் தொடங்கிய ரோடியர்தான் ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ். கடலூர் சாலையில் ரயில் வரும்போது கேட் போட்டுவிட்டால் இன்றைக்கும் 'ஏ.எஃப்.டி. கேட்டில் மாட்டிக்கிட்டேன்' என்று சொல்லாதவர் ஊரில் குறைவு. எட்டு மணிச் சட்டம் வரும்முன் இந்த ஆலைகளில் ஒரு நாள் வேலை என்றால் பன்னிரண்டு மணி நேரம். பெண்களுக்கும் இரவு வேலை உண்டு.

விசித்திரம் என்னவென்றால், பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு உறுப்பினரை அனுப்பிக்கொண்டிருந்த ஊர் இது. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் எல்லாம் அரசாங்கத் தாளிலேயே அச்சாகி வரும். சங்கம் வைக்கும் உரிமை மட்டும் தொழிலாளிக்கு இல்லை. சென்னையில் பி அண்ட் சி ஆலைத் தொழிலாளர்களை வைத்து 1918 ஏப்ரலிலேயே சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்துவிட்டது, பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் அதில் முன்னால் நின்றார்கள். 1926-இல் பிரிட்டிஷ் இந்தியாவில் தொழிற்சங்கச் சட்டமும் வந்தது. அடிமைநாடு என்று நாம் சொல்லும் அந்தப் பக்கத்தில் சங்கத்துக்குப் பதிவு எண் உண்டு. குடியரசின் இந்தப் பக்கத்தில், நாலு பேர் சேர்ந்து முதலாளியிடம் போய் நின்றால் அது கலகம்.

இங்கேதான் தொழிலாளர் தலைவர் வ. சுப்பையா வருகிறார். 1911-இல் பிறந்தவர். 1934-இல் 'சுதந்திரம்' இதழைத் தொடங்கியபோது அவருக்கு இருபத்து மூன்று வயதுதான். அடுத்த ஆண்டே சவானா ஆலையில் வேலைநிறுத்தம். வேலை நேரத்தைக் குறை, கூலியை உயர்த்து என்று கோரிக்கைகள் பட்டியலாக எழுதப்பட்டன. எழுதிக் கொடுப்பது சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் வாயால் கெஞ்சுகிறவரை மேஸ்திரி ஒரு அதட்டில் அனுப்பிவிடுவார். எழுத்தில் வந்ததற்கு நிர்வாகம் ஏதாவது ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

1936 கோடையில் பிரான்சில் காற்று மாறியது. லியோன் ப்ளூம் தலைமையில் மக்கள் முன்னணி ஆட்சிக்கு வந்தது. தொழிலாளர்கள் வெளியே போகாமல் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டார்கள். ஜூன் 7-ஆம் தேதி இரவு மாத்தின்யோன் மாளிகையில் முதலாளிகள் அமைப்பும் தொழிற்சங்கக் கூட்டமைப்பும் ஒப்பந்தம் போட்டன. கூலி 7 முதல் 15 விழுக்காடு வரை உயர்வு, சங்க உரிமைக்கு ஏற்பு. அதே மாதம் வாரத்துக்கு 40 மணி நேர வேலையும், ஆண்டுக்கு இரண்டு வாரச் சம்பள விடுப்பும் அங்கே சட்டமாயின. அங்கே கொடுக்கிற பிரான்ஸ் இங்கே ஏன் கொடுக்காது என்று புதுச்சேரித் தொழிலாளி கேட்டதில் தப்பு என்ன? ஜூலையில் ஆலைகள் நின்றன.

ஜூலை 30. சவானா ஆலையில் போராடியவர்கள் மேல் பிரெஞ்சுப் படை சுட்டது. பன்னிரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். ஆண்டுதோறும் அந்தத் தேதியில் தொழிற்சங்கங்கள் ஊர்வலமாகப் போய் மாலை போடுவது இவர்களுக்காகத்தான்.

பேச மறுத்த அரசு கடைசியில் பேசித்தான் ஆக வேண்டியிருந்தது. சுப்பையா பாரிஸ் வரை போனார். 1937 ஏப்ரல் 6-ஆம் தேதி பிரெஞ்சிந்தியாவுக்கான தொழிலாளர் ஆணை பிறந்தது. எட்டு மணி நேர வேலைக்கும் சங்கம் வைக்கும் உரிமைக்கும் சட்டத்தில் இடம் கிடைத்தது. பிரிட்டிஷ் இந்தியா வாரத்துக்கு 48 மணி என்ற அளவுக்கு வர 1946 ஆயிற்று. 'ஆசியாவிலேயே முதல்' என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். அதைக் கொஞ்சம் நிதானமாகத்தான் சொல்ல வேண்டும். ஜாம்ஷெட்பூரில் டாட்டா எஃகு ஆலை 1912-லேயே எட்டு மணி நேரத்துக்கு மாறியிருந்தது, பிலிப்பைன்ஸிலும் சில தொழில்களுக்குச் சட்டம் இருந்தது. ஆனால் டாட்டாவில் அது நிர்வாகத்தின் முடிவு. புதுச்சேரியில் தொழிலாளி கேட்டு வாங்கிய சட்டம். தெற்கு புல்வாருக்கு சுப்பையா சாலை என்று பெயர் மாறியதற்கு ஆசியக் கணக்கு எதுவும் தேவையில்லை.

1954-இல் ஊர் இந்தியாவோடு சேர்ந்தது. 1962-இல் சட்டப்படியும் சேர்ந்தது. பிறகு இந்தியத் தொழிலாளர் சட்டங்கள் வந்தன. அவற்றில் சங்கக்காரர் வாயில் அதிகம் புழங்கியது 'பன்னிரண்டு மூன்று'. 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தின் 12(3) பிரிவு. சமரச அதிகாரி முன்னால் உட்கார்ந்து போடும் ஒப்பந்தம் அது. நிர்வாகமும் ஒரு சங்கமும் தனியாகப் பேசி 18(1)-இன் கீழ் கையெழுத்திட்டால், அது கையெழுத்திட்டவர்களை மட்டும்தான் கட்டும். 12(3) அப்படியில்லை. எந்தச் சங்கத்திலும் இல்லாதவரையும் கட்டும், நாளை புதிதாகச் சேரப்போகிறவரையும் கட்டும். அதனால்தான் பல மாதம் இழுத்த பேச்சுவார்த்தையில்கூட, கடைசிக் கையெழுத்து தொழிலாளர் துறை அலுவலகத்தில்தான் ஆக வேண்டும் என்று பழைய தலைவர்கள் பிடிவாதம் பிடிப்பார்கள்.

எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவர் யார்? பழைய ஆலைகளில் ஆளெடுப்பது, அபராதம் போடுவது, லீவு கொடுப்பது எல்லாம் மேஸ்திரி கையில். விட்லி தலைமையிலான அரச ஆணையம் 1931 அறிக்கையில் இந்த முறையைக் கடுமையாகச் சாடி, தொழிலாளர் அதிகாரிகளை நியமிக்கச் சொன்னது. 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 49-ஆம் பிரிவு, 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் தொழிலாளர் நல அதிகாரி கட்டாயம் என்றது. ஒரு பிரிவு எழுதியதும் ஒரு தொழிலே முளைத்தது. அவர்களுக்குப் படிப்பு வேண்டுமே? ஜாம்ஷெட்பூரில் எக்ஸ்.எல்.ஆர்.ஐ. 1949-இலும், சென்னை சமூகப்பணிப் பள்ளி 1952-இலும் தொடங்கின. இன்றைய எச்.ஆர். மேலாளரின் கொள்ளுத்தாத்தா அந்த நல அதிகாரிதான். எக்ஸ்.எல்.ஆர்.ஐ. தொடக்கத்தில் தொழிற்சங்கத்தாருக்கும் பாடம் எடுத்தது என்பதை இப்போது யாரும் அதிகம் நினைவுபடுத்துவதில்லை.

இனி பல்கலைக்கழகம். 1985-இல் நாடாளுமன்றச் சட்டம் வழியே புதுவைப் பல்கலைக்கழகம் பிறந்தபோது, இந்தியாவில் ஒரு கேள்வி ஏற்கெனவே இருபது ஆண்டுகளாக உருண்டுகொண்டிருந்தது: பல்கலைக்கழகத்தில் வேலை செய்கிறவர் தொழிலாளியா? டெல்லிப் பல்கலைக்கழகம் மாணவியருக்காக ஓட்டிய பேருந்தை நஷ்டம் என்று நிறுத்தியது. வேலை இழந்த ஓட்டுநர்கள் ஆட்குறைப்பு இழப்பீடு கேட்டார்கள். கல்வி ஒரு தொழில் அல்ல, ஆகவே தொழில் தகராறு சட்டம் பொருந்தாது என்று 1963-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பேருந்து பேருந்துதானே, அதில் கல்வி எங்கே வந்தது என்று ஓட்டுநருக்குப் புரிந்திருக்காது.

1978 பிப்ரவரியில் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு அதைத் திருப்பிப் போட்டது. நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு அது. முறையாக நடக்கும் செயல், முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்த உழைப்பு, மக்களுக்குப் போய்ச் சேரும் பொருளோ சேவையோ இருந்தால் அது தொழில்தான். பல்கலைக்கழகமும் அதில் அடக்கம். நாடாளுமன்றம் 1982-இல் கல்வி நிறுவனங்களை விலக்கி ஒரு திருத்தம் நிறைவேற்றியது. அந்தப் பகுதி மட்டும் நடைமுறைக்கு வரவேயில்லை. 1988-இல் இன்னொரு தீர்ப்பு: கல்விக்கூடம் தொழில்தான், ஆனால் ஆசிரியர் தொழிலாளி அல்ல. ஆக, ஒரே வளாகத்தில் ஓட்டுநரும் எழுத்தரும் தொழிலாளர் நீதிமன்றம் போக முடிந்தது. பேராசிரியருக்கு அந்த வழி இருக்கவில்லை.

இந்தக் கயிறிழுப்பு பணிக்கொடையிலும் தொடர்ந்தது. ஐந்தாண்டு வேலை பார்த்தவருக்கு, ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்பது 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கணக்கு. ஆசிரியர்கள் அதில் வரமாட்டார்கள் என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2009-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரலிலிருந்தே செல்லும் என்றது. தனியார் பள்ளிகள் வழக்குப் போட்டன. 2022 ஆகஸ்டில் தோற்றன.

ஓய்வூதியம் இந்த ஊரில் தனிக் கதை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த 'சொல்தா' குடும்பங்களுக்கு பிரான்சிலிருந்து மாதாமாதம் பணம் வருவதைப் பார்த்து வளர்ந்த ஊர். இங்கே பெண் கொடுக்கும்போதுகூட 'பென்ஷன் உண்டா' என்ற கேள்வி சும்மா வருவதில்லை. மத்திய அரசுப் பணியில் 2004 ஜனவரி 1 முதல் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் போய்ப் புதிய திட்டம் வந்தது. மத்தியப் பல்கலைக்கழகங்களும் அதே வழி. டிசம்பரில் சேர்ந்தவரும் ஜனவரியில் சேர்ந்தவரும் ஒரே அறையில் உட்கார்ந்திருப்பார்கள், ஓய்வு பெறும்போது இரண்டு உலகம்.

மேலாளர் பயிற்சி என்று பார்த்தால் வளாகம் ஆலையைவிடப் பின்தங்கியே இருக்கிறது. துறைத்தலைவர் பதவி சுழற்சியில் வருகிறது. நேற்று வரை ஆய்வுக்கூடத்தில் இருந்த பேராசிரியர் இன்று லீவு விண்ணப்பத்திலும் நடத்தை அறிக்கையிலும் கையெழுத்துப் போடுகிறார். 1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின் யு.ஜி.சி. கல்வியாளர் பயிற்சி மையங்களைத் திறந்தது. புதுவையிலும் ஒன்று உண்டு. அவை முக்கியமாகப் பாடம் நடத்தவும் ஆய்வு செய்யவும் பழக்கின. ஊழியர் குறையைக் கேட்பது, சங்கத்தோடு பேசுவது எல்லாம் பதவியில் உட்கார்ந்த பிறகு பட்டுத் தெரிந்துகொள்ளும் பாடமாகவே பெரும்பாலும் இருந்துவிட்டது.

ஆலைகள் இப்போது இல்லை. 1986-இல் அரசு ஏற்ற ஏ.எஃப்.டி. 2020 ஏப்ரலோடு மூடப்பட்டது. பழைய தொழில் தகராறு சட்டத்துக்குப் பதிலாகத் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்து, 51 விழுக்காடு ஊழியர் ஆதரவுள்ள சங்கமே பேசும் சங்கம் என்கிறது. அந்த அளவு எந்தச் சங்கத்துக்கும் இல்லையென்றால், 20 விழுக்காடு வைத்திருப்பவை சேர்ந்து பேச்சுவார்த்தைக் குழு அமைக்கும். வளாகங்களில் துப்புரவுக்கும் காவலுக்கும் வருகிறவர் பலர் ஒப்பந்தக்காரரின் ஆட்கள்; அந்த 51-இல் அவர்கள் தலை எங்கே எண்ணப்படும் என்பதுதான் அடுத்த சண்டை. கூலி பாக்கி வைத்துவிட்டு ஒப்பந்தக்காரர் நழுவினால், முதன்மை வேலையளிப்பவர்தான் கொடுக்க வேண்டும் என்பது 1970-லிருந்தே சட்டத்தில் இருக்கிறது.