வந்தவருக்கும் வைத்தியம் உண்டா?

நம் காலனிப் பிள்ளைகள் சிலர் இங்கிலாந்தில் படித்தும் உழைத்தும் வருகின்றனர். ஆகவே அந்நாட்டு மருத்துவம் பற்றிச் சில சொல்ல விழைகின்றோம்.

1948 ஜூலை 5-ஆம் நாள், அனைரின் பெவன் சுகாதார மந்திரியாக இருந்த காலத்தில், பிரிட்டனில் தேசிய சுகாதார சேவை தொடங்கிற்று. நோயாளியிடம் பணம் கேளாமல், பெரும்பாலும் வரிப்பணத்தைக் கொண்டே வைத்தியம் செய்வது அதன் கொள்கை. அயல்நாட்டாருக்கும் அன்று கட்டணமில்லை. அவர்களிடம் வசூலிக்க 1949-இல் சட்டத்தில் இடம் செய்தனர். 1982-இல்தான் அது நடைமுறைக்கு வந்தது.

2015 முதல், ஆறு மாதத்திற்கு மேல் தங்குவதற்கு விசா கேட்போர் ஆண்டுக்கு 200 பவுன் சுகாதாரக் கட்டணம் செலுத்தலாயினர். 2024 பிப்ரவரியில் அது 1,035 பவுனாக உயர்ந்தது. மாணவருக்கும் 18 வயதுக்குட்பட்டோருக்கும் 776. அக்கணக்கின்படி கணவன், மனைவி, இரு குழந்தைகள் ஐந்தாண்டுக்குச் செல்வதாயின் 18,110 பவுன். அதையும் விண்ணப்பத்துடனேயே கட்டவேண்டும்.

சுற்றிப்பார்க்க வந்தவரிடம் கட்டணம் கேட்பதை நாம் குறைகூறவில்லை. ஆனால் அங்கே உழைப்பவர் உள்ளூராரைப் போலவே வருமான வரி செலுத்துகிறார். டிக்கெட் வாங்கி வண்டியேறியவரிடம் மறுபடியும் கட்டணம் கேட்பதை ரயில்வே ஊழியராகிய நாம் எங்ஙனம் ஒப்புவோம்?

அந்நாட்டார் ஒன்றை மட்டும் நன்கு உணர்ந்துள்ளனர். க்ஷயம் முதலிய தொற்று நோய்களுக்கு எவரிடமும் அங்கே கட்டணமில்லை. பில்லுக்கு அஞ்சி ஒருவன் நோயை மறைத்தால் ஊரே நோயுறும் அன்றோ?

இது கடல்கடந்த செய்தி என்று எண்ணிவிடலாகாது. 2018-இல் நம் தில்லியிலேயே குரு தேக் பகதூர் மருத்துவமனையில் நூற்றுக்கு 80 படுக்கைகள் தில்லி வாக்காளர் அட்டை உடையோருக்கே என உத்தரவு பிறந்தது. அவ்வாண்டு அக்டோபரிலேயே உயர்நீதிமன்றம் அதனைத் தள்ளுபடி செய்தது. சமத்துவ உரிமைக்கும் உயிர்வாழும் உரிமைக்கும் அது முரண் என்றது.

அன்பர்களே, நம் குடும்பங்களும் பெட்டி படுக்கையுடன் இந்நகரில் வந்திறங்கியவையே. நம் காலனியில் கட்டட வேலை செய்ய வந்த வெளியூரார் எவரேனும் நோயுற்றால், நம்மில் ஒருவர் ஆஸ்பத்திரி வரை உடன் செல்வோமாக. மொழியறியாதவருக்கு அத்துணையே பாதி மருந்து.