முதுமையில் மதுவும் மூளையும்

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)

ஊராட்சித் தலைவர்களே, உறுப்பினர்களே, உழவர் பெருமக்களே,

மதுவினால் குடும்பம் கெடுவதையும் பொருள் அழிவதையும் தாங்கள் அறிவீர்கள். முதியோரின் மூளைக்கு அது இழைக்கும் கேட்டைப் பற்றியே இன்று சில கூற விரும்புகிறேன்.

அறுபதைக் கடந்த ஒருவர் தம் வயலுக்குரிய தண்ணீர் முறையை மறக்கிறார். கேட்டதையே மீண்டும் கேட்கிறார். "வயதாகிவிட்டது" என்று நாம் விட்டுவிடுகிறோம். அவர் நெடுநாள் குடிப்பவராயின், அம்மறதி முழுவதும் முதுமையின் விளைவே எனக் கொள்ளலாகாது.

வயது ஏற ஏற உடலில் நீரின் அளவு குறைகிறது. கிணற்று நீர் வற்றும்போது உப்புக் கரிப்பு ஏறுவதைத் தாங்கள் கண்டிருப்பீர்கள். அதுபோலவே, முப்பது வயதில் அருந்திய அதே அளவு மது, எழுபதில் இரத்தத்தில் மிகுதியாகச் செறிகிறது. இங்கிலாந்தில் 550 பேரை 30 ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து, 2017இல் முடிவை வெளியிட்டனர். நினைவைக் காக்கும் மூளைப் பகுதி சுருங்குவது, அளவோடு குடித்தவர்களிடமும் குடிக்காதவர்களைவிட மிகுதியாகக் காணப்பட்டது. மதுவில் தீங்கற்ற அளவு என ஒன்றில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது.

குடிப்பவர் உணவைக் குறைக்கிறார். உண்ட உணவிலிருந்து தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்து உடலில் சேர்வதையும் மது தடுக்கிறது. தவிடு நீங்கத் தீட்டிய பச்சரிசியில் இச்சத்து மிகக் குறைவு. புழுங்கலரிசியில் ஓரளவு எஞ்சும். இக்குறை முற்றினால், குடிக்காத வேளையிலும் நடை தள்ளாடும், பார்வை இரட்டையாகும், அறிவு குழம்பும். உடனே மருத்துவமனையில் தயமின் ஊசி போடாவிடில் நினைவாற்றல் நிலையாகவே கெடக்கூடும்.

போதையில் தலையில் அடிபட்ட முதியவருக்கு, சில வாரங்கள் கழித்தும் குழப்பமோ மயக்கமோ தோன்றலாம். மண்டையோட்டின் உள்ளே இரத்தம் மெல்லக் கசிந்து தேங்குவதே காரணம். இதனையும் முதுமைத் தளர்ச்சி என எண்ணி வாளாவிருத்தல் ஆபத்து.

எனினும் நம்பிக்கைக்கு இடமுண்டு. குடியை விட்டு, நல்லுணவு உண்டால், சில மாதங்களில் பலருக்கு அறிவுத் தெளிவு ஓரளவேனும் திரும்புகிறது. ஆனால் நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவரை வீட்டில் அடைத்து, திடீரென நிறுத்தச் செய்தல் கூடாது. வலிப்பும் பிதற்றலும் கண்டு உயிருக்கே கேடு நேரலாம். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரை முதலில் கலந்து, அவர் மேற்பார்வையில் நிறுத்துவதே முறை.

உறுப்பினர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். வேலை முடிந்ததும் கூலியாட்களுக்கு மது வாங்கித் தரும் வழக்கத்தை ஒழியுங்கள். மறதியுற்ற முதியவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல அவர் வீட்டாருக்குத் துணை நில்லுங்கள். குடிபோதையிலுள்ள முதியவரிடம் நிலப் பத்திரத்தில் கைந்நாட்டு வாங்க எவரையும் விடாதீர்கள். தன்னிலை அறியாப் போதையிலிருப்பவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர் என்பதே 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் கருத்து.

ஏரியின் பழைய எல்லையும் மடைகளின் வரிசையும் பல ஊர்களில் முதியோர் நினைவிலேயே உள்ளன. அந்நினைவைக் காப்பதும் ஊராட்சியின் பணியே.