படம் போட முன்னம் பிள்ளையைக் கேளுங்கோ
(புதிதாக வந்தவர்களுக்கான சந்திப்பில் பேசியது)



நான் ஊரில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள். இப்போது இங்கே தொண்டராக உங்கள் கடிதங்களைப் பார்த்து உதவி செய்கிறேன். இன்றைக்கு, பெற்றாரைப் பிரிந்து வளர்ப்புக் குடும்பத்திலோ, தத்தெடுத்த வீட்டிலோ, உங்களோடோ வாழும் பிள்ளைகளைப் பற்றிக் கதைக்கப் போறன்.

எனக்குத் தெரிந்த 12 வயதுப் பையன் ஒருவன் டெனிஷ் வளர்ப்புக் குடும்பத்தில் இருந்தான். அவனுடைய மாமி பாசத்தில் பிறந்தநாள் படத்தை பேஸ்புக்கில் போட்டா. அவன் போட்டிருந்த விளையாட்டுச் சட்டையில் பள்ளிக்கூடத்தின் பெயர். இரண்டாம் நாள், குடும்பத்திடம் காசு பாக்கி கேட்டுக்கொண்டிருந்த ஏஜென்சிக்காரன் தாய்க்கு எழுதினான்: “மகன் படிக்கிற இடம் தெரியும்.” ஒரு மாதம் பிள்ளை தனியப் பள்ளிக்கூடம் போகவில்லை. அவன் மாமியிடம் கேட்டது ஒன்றுதான்: “என்னட்ட ஏன் கேக்கேல்லை?”

கேட்பது அவனுடைய உரிமை. பிள்ளையின் அந்தரங்கத்தைக் காக்கும் ஐ.நா. சிறுவர் உரிமைச் சாசனத்தை டென்மார்க் 1991இல் ஏற்றது. தன்னைப் பற்றிய தகவலை அழிக்கச் சொல்லும் உரிமையை 2018இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் தருகிறது. இணையச் சேவைகளில் பிள்ளை தானே சம்மதம் கொடுக்கும் வயது இங்கே முன்பு 13. 2024 ஜனவரி முதல் அது 15. அதற்குக் கீழே பெற்றார் சம்மதம் வேணும். பிள்ளை வளர்ப்புக் குடும்பத்தில் இருந்தாலும் பெற்றாருக்குரிய பொறுப்புரிமை பொதுவாகப் பெற்றாரிடமே இருக்கும். ஆகவே வளர்ப்புப் பெற்றாரும் தாங்களாகப் படம் போடக்கூடாது. சந்தேகம் இருந்தால் கொமூன் அலுவலரைக் கேளுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை:

1. பள்ளிக்கூடம், வீட்டு இலக்கம், பஸ் தரிப்பிடம் தெரியும் படங்களைப் போடாதேங்கோ. கைத்தொலைபேசி கமராவில் இடம் காட்டுவதை நிறுத்துங்கோ.

2. மிரட்டல் வந்தால் அழிக்க முன்னம் திரையைப் படம் பிடித்து வையுங்கோ. பொலிசுக்கு 114. உடனடி ஆபத்தென்றால் 112.

3. பிள்ளை தானே கதைக்க விரும்பினால் பேர்ணடெலிபோன் 116 111. இலவசம், பெயர் சொல்லத் தேவையில்லை.

4. படத்தை எடுக்க மறுத்தால் டேட்டாடில்சூனெட் என்ற அரச அலுவலகத்தில் முறையிடலாம். அதுக்கும் காசு இல்லை.

கடைசியாக ஒன்று. பயத்தில் பிள்ளையின் போனைப் பறிக்காதேங்கோ. தாயின் குரல் அவனுக்கு அதிலைதான் வருகுது. பறித்தால், அடுத்த முறை மிரட்டல் வந்தாலும் உங்களிடம் சொல்ல மாட்டான்.