சினிமாவில் வரும் போன் நம்பர் யாருடையது?

(நமது கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

  

சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் பற்றியெல்லாம் பேசி முடித்துவிட்டோம். எனக்குக் கொடுத்த நேரத்தில் நான் சினிமா பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீங்க. இதுவும் நம்ம வீட்டு விஷயம்தான்.

படத்துல கதாநாயகி கதாநாயகனுக்கு போன் நம்பர் தருவாள். சீரியல்ல கடத்தினவன் ஒரு நம்பர்ல இருந்து பேசுவான். அந்த நம்பர் யாருடையது? கற்பனைதானேன்னு நினைப்போம். கதை கற்பனையா இருக்கலாம், ஆனா பத்து எண்ணை வரிசையா எழுதிட்டா அது கற்பனையா இருக்குமா?

2024 அக்டோபர் 31, தீபாவளி அன்று 'அமரன்' படம் வெளிவந்தது. காஷ்மீரில் 2014-ல் வீரமரணம் அடைந்த மேஜர் முகுந்த் வரதராஜனின் கதை. நம்ம காஞ்சிபுரம் ஏனாத்தூரில் படித்தவர் அவர். அந்தப் படத்துல சாய் பல்லவி தன்னோட போன் நம்பரை எழுதின காகிதத்தை சிவகார்த்திகேயன்கிட்ட தூக்கிப் போடுவாங்க. அந்த நம்பர் உண்மையில் சென்னையில் இருக்கிற ஒரு பொறியியல் கல்லூரி மாணவனுடையது! தீபாவளியில இருந்து அந்தப் பையனுக்கு ஓயாம போன். எல்லாரும் கதாநாயகியிடம் பேசணும்கிறாங்க. தூங்க முடியலை, படிக்க முடியலை. 1 கோடியே 10 லட்சம் ரூபாய் நஷ்டஈடு கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். விஷயம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. படத்திலிருந்து அந்த நம்பரை எடுத்துவிட்டதாக டிசம்பர் மாதம் தயாரிப்பு நிறுவனம் நீதிமன்றத்தில் சொன்னது.

"நம்பரை மாத்திட்டா போச்சு"ன்னு சிலர் சொல்லலாம். நீங்களே சொல்லுங்க, மாத்த முடியுமா? ஆதார், வங்கிக் கணக்கு, கேஸ், ரேஷன் கார்டு எல்லாமே அந்த நம்பர்லதான் இருக்கு. குழுக் கணக்குல பணம் எடுத்தாலும் குறுஞ்செய்தி அதுக்குத்தான் வருது. வீட்டுக்கு விலாசம் மாதிரி ஆயிடுச்சு. யாரோ செய்த காரியத்துக்கு நாம ஏன் வீட்டைக் காலி பண்ணணும்?

இது நம்ம நாட்டுல மட்டும் நடந்தது இல்லை. வங்கதேசத்தில் 2017-ல் 'ராஜநீதி' என்ற படம் வந்தது. கதாநாயகன் சொல்ற நம்பர் ஓர் ஆட்டோ ஓட்டுநருடையது. ரசிகைகள் நூற்றுக்கணக்கில் போன் பண்ணினாங்க. அவர் மனைவிக்குச் சந்தேகம் வந்து குடும்பமே ஆடிப்போச்சு. 50 லட்சம் டாக்கா கேட்டு வழக்குப் போட்டார் அவர்.

சில படக்காரர்கள் பத்திரமா இருக்கட்டும்னு நம்பரின் முன்பக்கத்தை விட்டுடறாங்க. அதுவும் உதவாது. அமெரிக்காவில் 2003-ல் 'புரூஸ் ஆல்மைட்டி' என்று ஒரு படம். கடவுளே ஒருத்தருக்குப் போன் பண்ற மாதிரி கதை. கடவுளின் நம்பர் என்று ஏழு எண் காட்டினாங்க. ஊர்க் குறியீட்டை மட்டும் விட்டுட்டாங்க. என்ன ஆச்சு? எந்தெந்த ஊர்ல அந்த ஏழு எண் இருந்ததோ, அங்கெல்லாம் "கடவுள் இருக்காரா?"ன்னு போன் வந்தது. ஒரு தேவாலயத்துக்கும் வந்தது! 2021-ல் கொரியாவில் 'ஸ்க்விட் கேம்' தொடரிலும் இப்படித்தான். ஓர் அட்டையில் எட்டு எண் காட்டினாங்க. அங்கே செல்போன் நம்பருக்கு முன்னால் வரும் 010-ஐ போனே சேர்த்துக்கிட்டது. நம்பருக்குச் சொந்தக்காரர் திண்டாடிப் போனார். பிறகு அந்தக் காட்சியைத் திருத்தினாங்க.

இதுக்கு வழியே இல்லையா? இருக்கு. அமெரிக்காவில் 555-0100 முதல் 555-0199 வரை நூறு எண்களைக் கதைக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் தொலைத்தொடர்பைக் கவனிக்கும் 'ஆஃப்காம்' அமைப்பு ஆயிரம் செல்போன் எண்களை நாடகத்துக்காக ஒதுக்கியிருக்கிறது. அந்த நம்பர்கள் எந்த வீட்டுக்கும் கொடுக்கப்படாது. ஆடு மாடு மேயறதுக்கு மேய்க்கால் புறம்போக்கு விடற மாதிரின்னு வெச்சுக்குங்க. அதுல யாரும் வீடு கட்ட முடியாது.

சகோதரிகளே, இப்ப ஒரு கணக்குப் போடலாம். கணக்கு நமக்குப் புதுசு இல்லையே! நம்ம நாட்டுல செல்போன் நம்பர் 6, 7, 8, 9-ல் தொடங்கும். மொத்தம் பத்து எண். அப்படிப் பார்த்தா 400 கோடி நம்பர் எழுதலாம். இதில் 110 கோடிக்கு மேல் உபயோகத்தில் இருக்கு. கண்ணை மூடிக்கிட்டு ஒரு நம்பர் எழுதினாலும், நாலுக்கு ஒண்ணு யாரோ ஒருத்தர் கையில இருக்கும். அந்த ஒருத்தர் நம்மைப் போல ஒரு பெண்ணாகவும் இருக்கலாம்.

அங்கேதான் எனக்கு மனசு உறுத்துது. ஆம்பளைக்கு ராங் கால் வந்தா "யாருய்யா நீ"ன்னு கேட்டுட்டு வெச்சிடறார். அதே ராங் கால் வயசுப் பொண்ணுக்கு வந்தா? "யாரு அவன்? உன் நம்பர் அவனுக்கு எப்படித் தெரியும்?"னு முதல் கேள்வி அவளைத்தான் கேக்கறாங்க. மூணாவது கால் வந்தா போனைப் பிடுங்கி வெச்சுடறாங்க. தையல் வேலைக்கு ஆர்டர் வருமே, கல்லூரியில இருந்து தகவல் வருமே, அதெல்லாம் போச்சு. தப்பு செஞ்சது ஒருத்தர், தண்டனை இன்னொருத்தருக்கு.

குடவோலைக் கல்வெட்டு இருக்கிற ஊர் நம்ம உத்திரமேரூர். ஓர் ஓலையில் ஒருத்தர் பேர்தான் எழுதிக் குடத்துல போட்டாங்க. அதில் எழுதின பேருக்குப் பின்னால் ஓர் ஆள் இருந்தார். அது போலத்தான் நம்பருக்குப் பின்னாலும் ஓர் ஆள் இருக்காங்க.

சினிமாக்காரங்களை மட்டும் குறை சொல்லிட்டுப் போக நான் வரலை. நாமும் நம்பர் எழுதறவங்கதான். அதனால சில வேண்டுகோள்:

1. விழிப்புணர்வு நாடகம் போடும்போதோ, பயிற்சிக்கு மாதிரிப் படிவம் எழுதும்போதோ, பத்து எண்ணையும் எழுதாதீங்க. முதல் அஞ்சு எண் மட்டும் எழுதி, மீதிக்குப் பெருக்கல் குறி போடுங்க. மறைக்கிறதா இருந்தா பின்பக்கத்தை மறைக்கணும். முழு நம்பர் கட்டாயம் வேணும்னா, சம்மதம் கேட்டு நம்ம கூட்டமைப்பு நம்பரையே போடுங்க.

2. கடையிலோ, பரிசுக் கூப்பனிலோ நம்பர் கேட்டால், குடுக்க விருப்பம் இல்லைன்னு சொல்லுங்க. வாயில வந்த நம்பரை எழுதாதீங்க. விளம்பரத் தொல்லை வேற ஒரு அக்காவுக்குப் போகும்.

3. மசாலாப் பொடி, ஊறுகாய் லேபிளில் குழு நம்பர் அச்சடிக்கிறதுக்கு முன்னாடி, அதைப் பார்த்து ஒரு தடவை போன் போட்டுப் பாருங்க. ஓர் எண் மாறினாலும் ஆர்டர் நமக்கு வராது, தொல்லை வேறொருத்தருக்குப் போகும்.

4. விட்டுப்போன பழைய நம்பரையும் காலி நம்பர்னு நினைக்காதீங்க. துண்டித்த நம்பரை 90 நாள் வரை யாருக்கும் தருவதில்லை என்று 2023 நவம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. அப்புறம் வேறொருத்தருக்குப் போகலாம். அதனால் சிம் மாத்தினால் முதல்ல வங்கிக்குப் போய் நம்பரை மாத்துங்க. இல்லைன்னா உங்க ஓ.டி.பி. யாரோ ஒருத்தர் கைக்குப் போகும்.

5. ராங் கால் வந்தால் பேரும் ஊரும் சொல்ல வேண்டாம். "தப்பான நம்பர்"னு சொல்லி வெச்சுடுங்க. திரும்பத் திரும்ப வந்தாலோ, அசிங்கமாப் பேசினாலோ, வந்த நம்பரையும் நேரத்தையும் குறிச்சு வெச்சு, அந்த நம்பரைத் தடை பண்ணுங்க. காவல் நிலையத்தில் புகார் குடுக்கலாம். பெண்கள் உதவிக்கு 181, போனில் பணம் ஏமாந்துபோனால் 1930.

இந்த இரண்டு உதவி எண்ணையும் தீர்மானப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டுங்க.

கடைசியா ஒண்ணு. அடுத்த வாரக் குழுக் கூட்டத்தில் பத்து நிமிஷம் இதைப் பேசுங்க. வீட்டுக்குப் போய் வீட்டுக்காரர்கிட்டயும், மகன்கிட்டயும், மாமியார்கிட்டயும் சொல்லுங்க. ராங் கால் வந்தது பொண்ணோட குத்தம் இல்லை. போனைப் பிடுங்கறதுக்கு முன்னாடி, அவ சொல்றதைக் காது குடுத்துக் கேளுங்க. அவளை நம்புங்க. குழுவுல ஒருத்தி கடன் கேட்டா, அவள் சொல்ற காரணத்தை நம்பித்தானே கையெழுத்துப் போடறோம்? அந்த நம்பிக்கையை நம்ம பொண்ணுகளுக்கும் குடுப்போம்.