மாத்திரை வீடு தேடி வருது, கண் பரிசோதனை?

(பிள்ளையார்பட்டியில் நீரிழிவு நோயாளிகளிடையே கண் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



ஆச்சிமாரும் ஐயாமாரும் நிறையப் பேர் வந்திருக்கீங்க. வெயில்ல நடந்து வந்து கற்பக விநாயகரைக் கும்பிடக் குடைவரைக்குள்ள நுழைஞ்சா, முதல்ல ஒண்ணும் தெரியாது. கொஞ்ச நேரத்துல கண்ணு பழகிடும். சிலருக்குப் பழகவே மாட்டேங்குது. "வயசாயிடுச்சு, கண்ணாடிய மாத்தணும்"னு விட்டுடறாங்க. சர்க்கரை உள்ளவங்க அப்படி விடக்கூடாது.

கண்ணின் பின்பக்கம் உள்ள மெல்லிய படலம்தான் விழித்திரை. பல வருஷம் சர்க்கரை கூடுதலாகவே இருந்தால், அதிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் பலவீனமாகி நீரும் இரத்தமும் கசியும். தொடக்கத்தில் வலி கிடையாது, சிவப்பு கிடையாது, பார்வையும் குறையாது. அதுதான் ஆபத்து. என்னிடம் வந்த ஓர் ஆச்சிக்குப் பத்து வருஷச் சர்க்கரை. கண்ணைக் காட்டியதே இல்லை. "நேத்து வரை நல்லாத்தானே தெரிஞ்சுது" என்றார். ஒரு கண்ணில் இழந்த பார்வை திரும்பவில்லை. மற்றதை லேசர் சிகிச்சையால் காப்பாற்றினோம்.

அடுத்தது, கண் உலர்தல். சர்க்கரை நரம்புகளைப் பாதிப்பதால் கண்ணீர் சுரப்பு குறையலாம். மணல் விழுந்தது போல உறுத்தும், எரியும். சிலருக்குக் கருவிழியில் உணர்ச்சியே மங்கிப்போய், புண் வந்தாலும் தெரியாது. அதனால விளக்கெண்ணெய், தாய்ப்பால், பச்சிலைச் சாறு எதையும் கண்ணுல விடாதீங்க. மருந்துக் கடையில கேட்டு சொட்டு மருந்தும் வாங்காதீங்க. ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தைத் தொடர்ந்து போட்டால் கண் அழுத்த நோயும் கண்புரையும் வரலாம்.

செய்ய வேண்டியது என்ன? சர்க்கரை என்று தெரிந்த உடனே ஒருமுறை, பிறகு வருஷத்துக்கு ஒருமுறை, பாப்பாவை விரிய வைத்து விழித்திரையைப் பார்க்கணும். சர்க்கரை நோயுள்ள பெண்கள் கர்ப்பமானால் தொடக்கத்திலேயே பார்க்கணும். சொட்டு மருந்து போட்ட பிறகு சில மணி நேரம் பார்வை மங்கும்; வண்டி ஓட்டாதீங்க, துணைக்கு ஆள் கூட்டிட்டுப் போங்க. சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றும் கட்டுக்குள் இருக்கட்டும். புகையிலையை விட்டுடுங்க.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருது. ஆனா மாத்திரை மட்டும் கண்ணைப் பார்க்காது. காரைக்குடி அரசு மருத்துவமனைக்கோ சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ நீங்கதான் போகணும். பழைய சீட்டு, ஆதார், முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை கையில் இருக்கட்டும். சந்தேகம் இருந்தால் 104-ஐ அழையுங்கள்.

திடீர்னு கரும்புள்ளி மிதந்தாலோ, மின்னல் அடித்தாலோ, திரை விழுந்தது போலத் தெரிந்தாலோ அன்றைக்கே போங்க. நாளைக்குப் பார்க்கலாம்னு இருக்காதீங்க.

வீட்டுக்குப் போனதும் சர்க்கரைச் சீட்டை எடுத்துப் பாருங்க. கடைசியாக் கண்ணைப் பார்த்த தேதி அதில் இல்லேன்னா, இந்த வாரமே கிளம்புங்க.