கோட்லாத் தூணும் சாந்தினி சவுக்குப் புறாவும்

ஊரிலிருந்து வரும் உறவினருக்குச் செங்கோட்டையைக் காட்டத் தலைநகர்வாழ் தமிழராகிய நாம் தவறுவதில்லை. ஆயின் அக்கோட்டைக்கு எதிரே, சாந்தினி சவுக்கின் முகப்பில், திகம்பர சமணரின் லால் மந்திர் ஆலய வளாகத்தில் இருக்கும் பறவைகள் மருத்துவமனையை நம்முள் எத்தனை பேர் கண்டிருக்கிறோம்?

1929ஆம் ஆண்டில் தொடங்கிய அறநிலையம் அது. பட்டம் விடும் மாஞ்சா நூலில் சிறகறுந்த புறாக்களும், மின்விசிறியில் அடிபட்ட குருவிகளும், கோடை வெயிலில் சோர்ந்து விழுந்த கிளிகளும் அங்கே கொண்டுவரப்படுகின்றன. மருத்துவத்திற்குக் கட்டணம் இல்லை. நோய் தீர்ந்த பறவையைக் கொண்டுவந்தவரிடம் திருப்பித் தருவதும் இல்லை, வானில் விட்டுவிடுகிறார்கள். ஊனுண்ணும் பறவைகளுக்கு மருந்திட்டு அனுப்புவார்களேயன்றி, மற்றப் பறவைகளோடு தங்கவைப்பதில்லை.

இச்செயலைக் கருணை என்பதா, நட்பு என்பதா? இவ்வினாவே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில், குதிரையோடும் எருதோடும் மனிதனுக்கு நட்பு இயலாது என்றார். நட்பிற்கு இருவர்க்கும் பொதுவான ஒன்று வேண்டும். அது அங்கே இல்லை என்பது அவர் கருத்து. அடிமையோடும், அடிமை என்ற அளவில், நட்பு இல்லை என்று அதே இடத்தில் அவர் சொன்னதை நாம் மறந்துவிடலாகாது. அன்று அவர் இட்ட கோடுகளுள் ஒன்றை உலகம் அழித்துவிட்டது. மற்றொன்று மட்டும் அழியாமல் நிற்க வேண்டுமோ?

நம் வள்ளுவர் நட்பிற்கு வேறோர் அளவுகோல் வைத்தார். கூடியிருப்பதும் பழகுவதும் வேண்டுவதில்லை. ஒத்த உணர்ச்சியே நட்பென்னும் உரிமையைத் தரும் என்பது அவர் தெளிவு. கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் நேரிற் காணாமலே நண்பராயினர். பசி, வலி, அச்சம், குஞ்சினிடத்து அன்பு ஆகிய உணர்ச்சிகள் நமக்கும் பறவைக்கும் பொதுவல்லவா? எனினும் ஒரு வேற்றுமை உண்டு. விலங்கு வாக்குக் கொடுக்காது. நன்மை தீமை ஆராய்ந்து நடக்காது. ஆகவே இந்த நட்பில் கடமை முழுவதும் அறியும் ஆற்றல் உடையவராகிய நம்மேல் விழுகிறது. நன்றி சொல்லாமல் பறந்துபோகும் புறா இதைத்தான் நமக்குக் கற்பிக்கிறது.

தில்லியின் பிரோஸ் ஷா கோட்லாவில் அசோகரின் தூண் ஒன்று நிற்கிறது. தோப்ரா என்னும் ஊரிலிருந்து அதைப் பெயர்த்து, யமுனையில் மிதக்கவிட்டுக் கொணர்ந்தவர் பதினான்காம் நூற்றாண்டின் சுல்தான் பிரோஸ் ஷா துக்ளக். அதன் எழுத்தை 1837ஆம் ஆண்டில்தான் ஜேம்ஸ் பிரின்செப் படித்தறிந்தார். கிளி, மைனா, அன்னம், வெளவால், ஆமை எனக் கொல்லத்தகாத உயிர்களின் நீண்ட பட்டியல் அதில் இருக்கிறது. சினையாட்டையும் பால் கொடுக்கும் ஆட்டையும் ஆறு மாதம் நிரம்பாத குட்டியையும் கொல்லலாகாது என்ற ஆணையும் உண்டு. மனிதர்க்கும் விலங்குகட்கும் நிழலாக வழிநெடுக ஆலமரங்கள் வைத்ததையும் அத்தூண் சொல்கிறது. அவருடைய மற்றொரு பாறைக் கல்வெட்டோ, மனிதர்க்கும் விலங்குகட்கும் ஆகிய இருவகை மருத்துவம் பரவிய நாடுகளின் வரிசையில் சோழரையும் பாண்டியரையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. வடக்கின் மன்னன் தெற்கை நினைத்தபோது விலங்கின் நோயையும் உடன் நினைத்தான் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தியன்றோ!

ஆனால் கல்லில் எழுதுவது எளிது. தெருவில் நடத்துவது அரிது. 2025 ஆகஸ்டு 11 அன்று தலைநகர்ப் பகுதியின் தெருநாய்கள் அனைத்தையும் காப்பகங்களில் அடைக்குமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டபோது, நம் குடியிருப்புகள் இரு கட்சிகளாகப் பிரிந்தன. இரவுதோறும் ரொட்டி இடும் முதியவர் கண்ணீர் விட்டார். பள்ளிக்குக் குழந்தையை அழைத்துச் செல்லும் தாய் பெருமூச்சு விட்டாள். அம்மாதம் 22ஆம் நாள் ஆணை திருத்தப்பட்டது. வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் நீங்கலாக, மற்றவற்றைக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடவும், உணவிடத் தனி இடங்கள் வகுக்கவும் நீதிமன்றம் பணித்தது. நவம்பரில், பள்ளி, மருத்துவமனை, இரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து பிடிக்கப்படும் நாய்களை மீண்டும் அங்கே விடலாகாது என்றும் கூறியது.

முதியவரின் கண்ணீரும் பொய்யன்று. தாயின் அச்சமும் பொய்யன்று. வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால் உயிர் தப்புவது மிக அரிது. ஆயினும் நூற்றுக்கு எழுபது நாய்களுக்குத் தடுப்பூசி போட்டால் அந்நோய் பரவும் சங்கிலி அறுபடும் என்பது உலக மருத்துவ அறிஞர் கண்ட முடிவு. சோறிடுவது நட்பின் பாதி. ஊசி போடுவித்தல் மறுபாதி. முதற்பாதியோடு நின்றுவிடும் அன்பு, நாய்க்கும் நன்மையாகாது. அண்டை வீட்டுக் குழந்தைக்கும் நன்மையாகாது.

ஆகஸ்டு 15 நெருங்கும்போது நம் மொட்டைமாடிகளில் பட்டங்கள் எழும். கண்ணாடித் தூள் பூசிய நூலையும் நைலான் நூலையும் தில்லி அரசு 2017ஆம் ஆண்டிலேயே விலக்கியிருக்கிறது. நம் பிள்ளையின் கையில் வெறும் பருத்தி நூல் இருக்கச் செய்வோம். சாந்தினி சவுக்கு மருத்துவமனையில் அன்று ஒரு புறாவுக்குப் படுக்கை தேவைப்படாமற் போனால், அதுவே நம் நட்பு.