கப்பல் ஏறுவதற்கு முந்தைய நாள்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கிளமெண்டியில் ஒரு வீவக வீட்டை எண்ணிப் பாருங்கள். மகனும் மருமகளும் வேலைக்குச் செல்பவர்கள். மன்னார்குடிப் பக்கத்திலிருந்து அப்பாவும் அம்மாவும் வரப்போகிறார்கள். அப்பாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. சிறு வயதில், தம் அண்ணன் 'ரஜுலா' கப்பலில் சிங்கப்பூருக்குப் புறப்பட்டபோது நாகப்பட்டினம் கரையில் நின்று கையசைத்தவர் அவர். "ஒருமுறை கப்பலில் போய்ப் பார்க்க வேண்டும்" என்ற ஆசை அன்று முதல் அவர் மனத்தில் உண்டு. மகன் அதை மறக்கவில்லை. சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் சென்று திரும்பும் நான்கு நாள் உல்லாசக் கப்பல் பயணத்துக்குப் பணம் கட்டிவிட்டார்.

கப்பலுக்குப் பத்து நாள் இருக்கும்போது, மருமகள் விசாத் தாள்களை மேசையில் பரப்பி ஒவ்வொரு வரியாகப் படிக்கிறார். அத்தைக்குப் பலமுறை நுழையும் விசா. மாமாவின் தாளிலோ ஒருமுறை நுழைவதற்கு மட்டுமே அனுமதி. அந்த விசாவில் மாமா சிங்கப்பூருக்குள் வரலாம். கப்பல் ஏறிக் கடலுக்குப் போய்விட்டால் திரும்ப உள்ளே வர முடியாது. அப்படிப்பட்டவரைக் கப்பல் நிறுவனம் ஏற்றிக்கொள்ளாது. யாருக்காக இந்தப் பயணமோ, அவரையே கரையில் விட்டுவிட்டுப் போகும் நிலை! பத்து நாள் இருந்ததால் முகவரிடம் சொல்லி மீண்டும் விண்ணப்பிக்க முடிந்தது. அதே தாளைக் கப்பல் முனையத்தில் வைத்துப் படித்திருந்தால்?

இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால், இங்கே உறவினரை அழைத்துக் கப்பலில் அனுப்பும் பல வீடுகளில் இப்படியொரு தாள் படிக்கப்படாமலே கிடக்கிறது. கப்பல் பயணத்தின் வெற்றி தோல்வி கடலில் முடிவாவதில்லை. கப்பல் ஏறுவதற்கு முன், துறைமுக நகரில் கழியும் அந்த ஓரிரு நாள்களில்தான் முடிவாகிறது.

முதலில் தாள், பிறகு பெட்டி

இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்போருக்குச் சிங்கப்பூர் வர விசா தேவை. கப்பல் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டுச் சிங்கப்பூருக்கே திரும்பினாலும், குடிநுழைவுக் கணக்கில் அது வெளியே போய் மீண்டும் உள்ளே வருவதுதான். ஆகவே, விசாவில் எத்தனை முறை நுழையலாம் என்று எழுதியிருக்கிறது, எந்தத் தேதி வரை செல்லும் என்ற இரண்டையும் பார்க்க வேண்டும். கணவனுக்குச் சரியாக இருந்தால் மனைவிக்கும் சரியாக இருக்கும் என்று நினைக்கக்கூடாது. கடப்பிதழும் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும்.

அடுத்தது, மின்னியல் வருகை அட்டை. வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் இதைக் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்தின் தளத்தில் நிரப்ப வேண்டும். கட்டணம் கிடையாது. இதற்குப் பணம் கேட்கும் தளங்கள் அதிகாரபூர்வமானவை அல்ல. ஓர் அட்டை ஒரு வருகைக்கு மட்டுமே. கப்பலிலிருந்து திரும்பும் நாளுக்கு இன்னொன்று நிரப்ப வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கப்பல் நிற்கும் மற்ற நாடுகளையும் விட்டுவிடலாகாது. இந்தியர்களுக்கான மலேசிய, தாய்லாந்து விசா விதிகள் அண்மை ஆண்டுகளில் மாறி வந்துள்ளன. போன ஆண்டு சென்று வந்த பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை நம்பாமல், புறப்படும் மாதத்தில் கப்பல் நிறுவனத்திடமே கேட்டுக்கொள்வது நல்லது. கரையில் இறங்காமல் கப்பலிலேயே இருந்துவிடலாம் என்பதும் எல்லா நேரத்திலும் செல்லாது.

காலையில் இறங்கி மாலையில் ஏறலாமா?

சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ சிங்கப்பூருக்கு விமானத்தில் நான்கரை மணி நேரம் போல ஆகும். நள்ளிரவில் ஏறினால் விடிகாலையில் சாங்கி. 'அன்று மாலையே கப்பல் ஏறிவிட்டால் ஒரு நாள் விடுப்பு மிச்சமாகுமே' என்று தோன்றும். இந்தக் கணக்குதான் ஆபத்தானது. மூடுபனி, இயந்திரக் கோளாறு, நீண்ட வரிசை என ஏதாவது ஒன்று போதும். விமானத்துக்கு அடுத்த விமானம் உண்டு. கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது. புறப்படும் நேரத்துக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலாக முன்னதாகவே பயணிகள் பதிவை மூடிவிடுவார்கள்.

விமானம் தாமதிக்காவிட்டாலும் உடல் தாமதிக்கும். இரவு முழுதும் உட்கார்ந்தே வந்த எழுபது வயதுக் கால்கள் வீங்கியிருக்கும். இரண்டரை மணி நேர வித்தியாசத்தில் மாத்திரை நேரமும் குழம்பும். குறைந்தது ஒரு முழு நாள் முன்னதாக வர வேண்டும். இரண்டு நாள் என்றால் இன்னும் நல்லது.

பெற்றோர் மகன் வீட்டில் தங்குவதில் சிக்கல் ஏதும் இல்லை. ஆனால், கூடவே வரும் சம்பந்தி குடும்பத்துக்காகப் பக்கத்து புளோக்கில் மூன்று நாளுக்கு அறை வாடகைக்கு எடுப்பது விதிகளுக்குப் புறம்பானது. வீவக வீடுகளை ஆறு மாதத்துக்குக் குறைவாகவும் தனியார் வீடுகளை மூன்று மாதத்துக்குக் குறைவாகவும் வாடகைக்கு விட அனுமதி இல்லை. அவர்களுக்கு ஹோட்டல்தான் வழி.

பெட்டியில் இருக்கக்கூடாதவை

ஊரிலிருந்து அம்மா வெறுங்கையோடு வருவாரா? மகனுக்குப் பிடித்த குருமாவுக்கு என்று கசகசாவும் ஒரு பொட்டலம் வந்துவிடும். சிங்கப்பூருக்குள் கசகசா கொண்டுவரத் தடை உண்டு. அப்பாவின் வெற்றிலைப் பெட்டியில் இருக்கும் புகையிலையும் அப்படித்தான். மெல்லும் புகையிலைக்கு இங்கே தடை. சூயிங்கம்மும் மின்சிகரெட்டும் கூடாது. சிகரெட்டுக்கு வரிவிலக்கு அறவே இல்லை. ஒரே ஒரு பாக்கெட்டாக இருந்தாலும் வரி கட்ட வேண்டும். இவற்றை முதல் நாளே தொலைபேசியில் பட்டியலிட்டுச் சொல்லிவிட்டால், விமான நிலையத்தில் முதியவர்கள் கூனிக்குறுகி நிற்க நேராது.

மருந்து விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத அளவு வரை பெரும்பாலான மருந்துகளைக் கொண்டுவரலாம். சில தூக்க மாத்திரைகளுக்கும் கடுமையான வலி நிவாரணிகளுக்கும் சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி தேவை. மருத்துவரின் சீட்டு கையில் இருக்க வேண்டும். அதில் மருந்தின் மூலப்பெயர் ஆங்கிலத்தில் இருப்பது நல்லது. பயணக் காப்புறுதியும் எடுத்துவிட வேண்டும். வருகையாளருக்கு இங்குள்ள மருத்துவமனைகளில் அரசாங்க மானியம் கிடையாது. காப்புறுதி கப்பலுக்கும் பொருந்துமா, ஏற்கெனவே உள்ள சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் பொருந்துமா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

எந்த முனையம்?

'குரூஸ் சென்டர் போங்க' என்று டாக்சி ஓட்டுநரிடம் சொன்னால் போதாது. சிங்கப்பூரில் அப்படி இரண்டு இருக்கின்றன. ஹார்பர்ஃபிரண்ட்டில் உள்ளது பழையது. கேபிள் கார் கம்பிகளால் அங்கே கப்பலின் உயரத்துக்கு 52 மீட்டர் என்ற வரம்பு இருந்தது. அதைவிட உயரமான பெரிய கப்பல்களுக்காகக் கட்டப்பட்டு 2012ல் திறக்கப்பட்டதுதான் மரினா பே குரூஸ் சென்டர். பாத்தாம், பிந்தான் தீவுகளுக்குப் படகு புறப்படும் தானா மேரா முனையம் வேறு. பயணச்சீட்டில் அச்சிட்டிருக்கும் முனையத்தின் பெயரும் முகவரியும்தான் முடிவு. முந்தைய நாள் அதைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

கிளமெண்டியிலிருந்து இரண்டுக்கும் பெருவிரைவு ரயிலில் போகலாம். ஹார்பர்ஃபிரண்ட்டுக்கு ஊட்ரம் பார்க்கில் மாற வேண்டும். மரினா பே முனையத்துக்கு ராஃபிள்ஸ் பிளேசில் மாறி, மரினா சவுத் பியர் நிலையத்தில் இறங்கி நடக்க வேண்டும். இளையர்களுக்கு இது எளிது. இரண்டு பெரிய பெட்டிகளும் முழங்கால் வலியும் உள்ளவர்களுக்கு டாக்சிதான் சரி. அந்தச் செலவைப் பார்க்கக்கூடாது.

அந்த ஒரு நாளை எப்படிக் கழிப்பது?

மகன் விடுப்பு எடுத்துவிட்டால், செந்தோசாவிலிருந்து விலங்குத் தோட்டம் வரை ஒரே நாளில் காட்டிவிட வேண்டும் என்று துடிப்பார். கப்பலிலும் நிறைய நடை இருக்கிறது என்பதை அவர் நினைவில் கொள்ள வேண்டும். முந்தைய நாளுக்கு ஓர் இடம் போதும். அதிகம் போனால் இரண்டு.

காலை வெயில் ஏறுமுன் வீட்டுக்குக் கீழே மெதுவாக ஒரு நடை. உணவங்காடி நிலையத்தில் ஒரு தேநீர். பிறகு லிட்டில் இந்தியா. ஊட்ரம் பார்க்கில் ரயில் மாறினால் அங்கிருந்து நான்காவது நிலையம். காலை உச்ச நேரம் கழிந்த பிறகு கிளம்பினால் உட்கார இடம் கிடைக்கும். நிலையங்களில் மின்படிகள் ஊரில் இருப்பதைவிட வேகமாக ஓடுவதுபோல் முதியவர்களுக்குத் தோன்றும். மின்தூக்கியையே பயன்படுத்தச் சொல்லுங்கள். ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலில் தரிசனம் செய்ய நினைத்தால் நடை சாத்துவதற்கு முன்பே போக வேண்டும். வெயில் நேரத்துக்கு, கேம்பல் லேனில் 2015ல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம் இருக்கிறது. குளிரூட்டப்பட்ட இடம், மின்தூக்கி உண்டு. இந்த மண்ணுக்கு இந்தியர்கள் வந்த கதை அங்கே காட்சியாக இருக்கிறது. 'ரஜுலா'வைக் கரையில் நின்று பார்த்தவருக்கு அதைவிடப் பொருத்தமான இடம் இருக்க முடியாது.

மதிய உணவுக்குப் பிறகு வீடு. உறக்கம். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம் என்பதால் பாட்டில் பாட்டிலாக வாங்கத் தேவையில்லை. மாலையில் பெட்டி அடுக்கும் வேலை. முனையத்தில் ஒப்படைக்கும் பெரிய பெட்டி, அறைக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகலாம். ஆகையால் கடப்பிதழ், மருந்து, கண்ணாடி, ஒரு மாற்றுடை நான்கும் கைப்பையில் இருக்க வேண்டும். சைவ உணவு வேண்டுமென்றால் அதையும் கப்பல் நிறுவனத்திடம் முன்கூட்டியே தெரிவித்திருக்க வேண்டும்.

இன்னும் இரண்டு சின்ன விஷயங்கள். கரையைவிட்டு விலகியதும் கைப்பேசி, கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பைப் பிடித்துக்கொள்ளும், கட்டணம் எகிறிவிடும். கப்பலில் ஏறியதும் விமானப் பயண நிலைக்கு மாற்ற அப்பாவுக்குக் கற்றுக்கொடுங்கள். இரண்டாவது, புக்கெட்டின் நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. கரையில் இறங்குபவர்கள் எந்த நேரத்தை நம்புவது? கப்பலில் அறிவிக்கும் கப்பல் நேரத்தை மட்டுமே.

வான்கூவருக்கும் இதே பாடம்

பெற்றோர் மகிழ்ந்து திரும்பினால், அடுத்து அலாஸ்கா என்ற பேச்சு எழும். கனடாவின் வான்கூவர் துறைமுகத்திலிருந்து புறப்படும் அந்தப் பயணத்துக்கும் இதே கணக்குதான்; ஆனால் தூரம் பல மடங்கு. கனடாவுக்கு ஒரு தாள், அலாஸ்கா அமெரிக்க மண் என்பதால் அமெரிக்காவுக்கு இன்னொரு தாள். சிங்கப்பூர்க் கடப்பிதழ் உள்ள மகனுக்கு இரண்டும் இணையத்தில் முடியும். இந்தியக் கடப்பிதழ் உள்ள பெற்றோருக்கு இரண்டு விசாக்கள் வேண்டும். அதற்குப் பல மாதம் முன்பே முயல வேண்டும். வான்கூவர் விமான நிலையத்திலிருந்து கனடா பிளேஸ் முனையத்தின் அருகே உள்ள வாட்டர்ஃபிரண்ட் நிலையம் வரை நேரடி ரயில் உண்டு. அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் உடம்பின் கடிகாரம் தலைகீழாகிவிடும் என்பதால் அங்கே ஒரு நாள் ஓய்வு போதாது. இரண்டு, மூன்று நாள் வேண்டும்.

ஒரு காலத்தில் கப்பல் என்பது பிழைப்புக்கான வழி. 'ரஜுலா' 1970களின் தொடக்கத்தில் ஓய்ந்தது. அதன் பின் வந்த 'சிதம்பரம்' கப்பலின் சேவையும் 1985ல் நேர்ந்த தீ விபத்தோடு முடிவுக்கு வந்தது. அன்று கப்பல் ஏறியவர்களை வழியனுப்ப ஊரே திரண்டு வந்தது. இன்று கப்பல் ஏறும் பெற்றோரை வழியனுப்ப வேண்டிய பொறுப்பு கிளமெண்டியிலும் ஈசூனிலும் ஜூரோங்கிலும் வசிக்கும் பிள்ளைகளுக்கு. பெரிய செலவு செய்து சீட்டு வாங்குவதோடு அந்தப் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. தாள்களை மேசையில் பரப்பி, ஒவ்வொரு வரியாகப் படித்து, அப்பாவின் பெயருக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதும் அந்த வழியனுப்புதலில் சேர்ந்ததுதான்.